முதல் நாள் சொல்லாதது

சில வருஷங்களுக்கு முன்னால் வெளிவந்த என் நாவல் ஒன்றின் பன்னிரண்டாம் அத்தியாயத்தைப் பற்றி எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. இருந்தது என்று சொல்வதுதான் சரி. கதாநாயகி சிறு வயதில், வீட்டோடு தங்கியிருந்த உறவினன் ஒருவனுடைய பாலியல் கொடுமைக்கு ஆளானவள். இருபது வருஷமாக ஒருவரிடமும் வாய் திறக்காதவள், கடைசியில் ஒரு மனநல மருத்துவரைப் பார்க்கப் போகிறாள். வெளியே மழை. மருத்துவர் ஒரே ஒரு கேள்வி கேட்கிறார். அவள் பேசுகிறாள், ஐந்து பக்கம் பேசுகிறாள், அழுகிறாள். எழுந்து வெளியே வரும்போது மழை விட்டிருக்கிறது. அந்த அத்தியாயத்தைப் பாராட்டி நிறையக் கடிதங்கள் வந்தன. நாவலின் உச்சமே அதுதான் என்று ஒரு விமரிசகர் எழுதினார். நானும் அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தேன்.

சென்ற வருஷம் வந்த ஒரு கடிதம் அந்த நம்பிக்கையைக் கலைத்துவிட்டது. எழுதியவர் பெயரையும் ஊரையும் சொல்லப் போவதில்லை. கடிதத்தில் இருப்பதை எழுதிக்கொள்ளலாம் என்று அவரே அனுமதி தந்ததால் இதை எழுதுகிறேன். அவரும் என் கதாநாயகியைப் போலச் சிறு வயதில் பாதிக்கப்பட்டவர். 'உங்கள் கதாநாயகி கெட்டிக்காரி. எனக்கு அந்தச் சாமர்த்தியம் கிடையாது' என்று ஆரம்பித்திருந்தார். ஆலோசகரைப் பார்க்க மூன்று தடவை நேரம் வாங்கி, மூன்று தடவையும் போகவில்லையாம். நாலாவது தடவை போனபோது கதவுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாராம். மின்விசிறி வேகமாகச் சுற்றுகிறதா, குறைக்கட்டுமா என்று ஆலோசகர் கேட்டிருக்கிறார். பிறகு தூக்கம் வருவதில்லை என்பதைப் பற்றி, மகளின் பள்ளிக்கூட வண்டி தாமதமாக வருவதைப் பற்றிப் பேச்சு நடந்திருக்கிறது. நேரம் முடியப்போகும் சமயத்தில், 'சின்ன வயசிலே ஒண்ணு நடந்தது. இன்னைக்கு வேண்டாம்' என்று மட்டும் சொல்லியிருக்கிறார். 'வேண்டாம்னா வேண்டாம். எப்போன்னு நீங்கதான் சொல்லணும்' என்று பதில் வந்ததாம். வீட்டுக்குப் போய் அன்று பகல் இரண்டு மணி நேரம் அசந்து தூங்கினாராம்.

இதோடு கடிதம் முடிந்திருந்தால் நல்ல கடிதம் என்று எடுத்து வைத்திருப்பேன். கடைசிப் பாராதான் என்னைத் தைத்தது. என் அத்தியாயத்தைப் படித்த பிறகுதான் ஒரு வருஷ காலம் ஆலோசகரிடம் போகாமல் தள்ளிப்போட்டாராம். போனால் அந்தப் பெண்ணைப் போல எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லியாக வேண்டும், சொல்ல முடியாவிட்டால் தன்னிடம்தான் ஏதோ குறை என்று நினைத்தாராம். 'நீங்கள் எழுதியது பொய் என்று சொல்லவில்லை. ஆனால் அது ஒரு பரீட்சை மாதிரி எனக்குத் தோன்றிவிட்டது' என்று எழுதியிருந்தார்.

ஒரு நாவல் ஒருவருக்கு நல்லது செய்தது என்று கேள்விப்பட்டால் எழுத்தாளன் சந்தோஷமாக ஏற்றுக்கொள்கிறான். கெடுதல் செய்தது என்று கேள்விப்படும்போது மட்டும், 'இது வெறும் கதைதானே' என்று தப்பித்துக்கொள்ள முடியாது. ஆகவே என் அத்தியாயம் எங்கே தவறியது என்று பார்ப்பதற்காக, இதே விஷயத்தை எழுதிய வேறு சிலரை மறுபடியும் எடுத்துப் படித்தேன். அந்தப் படிப்பின் கணக்குத்தான் இந்தக் கட்டுரை.

முதலில் என் குற்றத்தை ஒப்புக்கொள்கிறேன். ரகசியம் என்று ஒன்று கதைக்குள் வந்துவிட்டால் அதை உடைக்கும் இடத்தை உச்சமாக வைப்பது எங்கள் தொழிலில் ஊறிப்போன பழக்கம். துப்பறியும் கதைக்கும் குடும்பக் கதைக்கும் இந்த விஷயத்தில் வித்தியாசம் இல்லை. வாசகனுக்கு ரகசியம் தெரிய வேண்டும். தெரிந்ததும் அவனுக்குத் திருப்தி. இந்தத் திருப்தி வாசகனுடையது. அதைப் பாத்திரத்தின் குணமாக மாற்றி, 'சொன்னாள், ஆகவே தேறினாள்' என்று எழுதிவிடுகிறோம். யாருடைய சௌகரியத்துக்காக அவள் பேசுகிறாள் என்று நான் கேட்டுக்கொள்ளவே இல்லை.

இந்தப் பழக்கத்துக்கு வைத்திய உலகத்திலேயே ஒரு மூலம் இருக்கிறது. 1895-ல் புராயரும் பிராய்டும் சேர்ந்து ஹிஸ்டீரியாவைப் பற்றி வெளியிட்ட புத்தகத்தில், தம்முடைய நோயாளிகளின் வரலாறுகள் சிறுகதைகளைப் போல அமைந்துவிடுவதாகப் பிராய்டே குறைப்பட்டுக்கொள்கிறார். அப்படி அவர் எழுதிய வரலாறுகளில் மிகவும் பிரசித்தமானது, 1905-ல் வெளிவந்த டோராவின் வரலாறு. அதை நான் வைத்திய நூலாகப் படிக்கவில்லை. நாவலைப் போலத்தான் படித்தேன். முன்னுரையில் அப்படிப் படிப்பவர்களைப் பிராய்டு கண்டித்திருக்கிறார் என்பதும் தெரியும். இருந்தாலும் நாவலாசிரியன் வேறு எப்படிப் படிப்பான்?

டோரா என்பது புனைபெயர். அவளுடைய உண்மைப் பெயர் ஐடா பவர் என்பது பின்னால் தெரிந்தது. 1900-ஆம் வருஷம் அக்டோபரில் அவளைப் பிராய்டிடம் அழைத்துக்கொண்டு வந்தவர் அவளுடைய தகப்பனார். அப்போது அவளுக்கு வயது 18. குடும்ப நண்பர் ஒருவர், 'திருவாளர் கே' என்று பிராய்டு குறிப்பிடுகிறவர், அவளுக்குப் பதினாலு வயதாக இருக்கும்போது தம் கடையில் தந்திரமாக அவளைத் தனியாக வரவழைத்துக் கட்டிப்பிடித்து முத்தமிட்டார். அவள் உதறிக்கொண்டு தெருவுக்கு ஓடினாள். இரண்டு வருஷம் கழித்து ஓர் ஏரிக்கரையில் மறுபடியும் அவளை நாடினார், அவள் அறைந்தாள். தாயாரிடம் சொன்னாள், தாயார் தகப்பனாரிடம் சொன்னாள். அந்த மனிதர் எல்லாவற்றையும் மறுத்தார். கண்ட கண்ட புத்தகங்களைப் படித்துவிட்டுப் பெண் கற்பனை செய்கிறாள் என்றார். தகப்பனார் அதையே நம்பினார். நம்புவதில் அவருக்கு ஒரு சௌகரியமும் இருந்தது: அந்த மனிதரின் மனைவியோடு அவருக்கு உறவு இருந்தது. அதைக் கண்டும் காணாமல் இருப்பதற்கு விலையாகத் தன்னை விட்டுக்கொடுத்துவிட்டார் என்று டோரா நினைத்தாள். அந்தத் தகப்பனார்தான் அவளை வைத்தியரிடம் கொண்டுவந்து விட்டு, அவளுக்குக் கொஞ்சம் நல்ல புத்தி சொல்லும்படி கேட்டுக்கொள்கிறார்.

சிகிச்சை ஆரம்பிக்கும் விதத்தை இங்கே கவனிக்க வேண்டும். அவள் தானாக வரவில்லை. வைத்தியர் ஏற்கனவே தகப்பனாருக்கு வைத்தியம் பார்த்தவர். வைத்தியரின் கூலியைக் கொடுப்பவரும் அவர்தான். அவளுக்கு என்ன வேண்டும் என்று யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.

நியாயமாகச் சொன்னால் பிராய்டு அவளை நம்பினார். கடையிலும் ஏரிக்கரையிலும் நடந்தவை நடந்தவைதாம் என்று ஒப்புக்கொண்டார். அவளை நம்பிய முதல் பெரியவர் அவர்தான் என்றுகூடச் சொல்லலாம். ஆனால் நம்பிக்கை மட்டும் போதவில்லை. அந்த முத்தத்தின்போது அவளுக்கு அருவருப்புத் தோன்றியதையே அவர் நோயின் அடையாளமாக எடுத்துக்கொண்டார். ஆரோக்கியமான பெண்ணாக இருந்தால் அவளுக்குக் கிளர்ச்சி உண்டாகியிருக்க வேண்டும் என்பது அவர் கட்சி. அவள் ஒரு கனவைச் சொன்னால் அதற்குள் அந்த மனிதர்மீது அவளுக்கு இருந்த ரகசிய ஆசையைக் கண்டுபிடிக்கிறார். அவள் இல்லை என்கிறாள். அந்த 'இல்லை'யை அவர் 'ஆமாம்' என்று எடுத்துக்கொள்கிறார். பக்கத்துக்குப் பக்கம் அவருடைய சாமர்த்தியம் வியக்க வைக்கிறது. அதே வேகத்தில் அந்தப் பெண் பக்கங்களிலிருந்து மறைந்துகொண்டே போகிறாள்.

டிசம்பர் 31-ஆம் தேதி வந்து, இன்றைக்குத்தான் கடைசி என்று சொல்கிறாள். எப்போது தீர்மானித்தாய் என்று கேட்கிறார். இரண்டு வாரம் முன்னால் என்கிறாள். வேலைக்காரி முன்னறிவிப்புக் கொடுப்பதைப் போல இருக்கிறதே என்று அதற்கும் ஒரு வியாக்கியானம் செய்கிறார். அவள் வழக்கம்போல மறுத்துப் பேசாமல் கேட்டுக்கொள்கிறாள். அன்போடு புத்தாண்டு வாழ்த்துச் சொல்லிவிட்டுப் போய்விடுகிறாள். மொத்தம் பதினோரு வாரம். இந்த வரலாறு முழுவதிலும் அவள் தன் இஷ்டப்படி செய்த காரியம் அது ஒன்றுதான் என்று தோன்றுகிறது. 1902 ஏப்ரலில் ஒரு தடவை திரும்பி வந்தபோது அவள் சொன்ன செய்தி இன்னும் ருசிகரமானது: இடையில் அந்தத் தம்பதியின் வீட்டுக்குத் தானே போய், மனைவி தன் கள்ள உறவை மறுக்காதபடியும், கணவர் ஏரிக்கரை நிகழ்ச்சியை ஒப்புக்கொள்ளும்படியும் செய்துவிட்டாளாம். நடந்ததை நடந்தது என்று மற்றவர்கள் சொல்ல வேண்டும் என்பதுதான் அவளுக்குத் தேவையாக இருந்திருக்கிறது. சிகிச்சை அதைத் தரவில்லை. அவளே போய் வாங்கிக்கொண்டாள்.

பிராய்டைத் திட்டுவது இப்போது சுலபம். அதற்காக இதை எழுதவில்லை. சிகிச்சை தோற்றுவிட்டது என்று அவரே எழுதி வைத்தார், காரணங்களையும் தேடினார். தோல்வியை அச்சில் போடுவதற்கு ஒரு நேர்மை வேண்டும். அதற்கு முன்பு, 1896 ஏப்ரலில் வியன்னா வைத்தியர்கள் சபையில், தாம் பார்த்த 18 ஹிஸ்டீரியா நோயாளிகளுடைய நோய்க்கும் அடியில் குழந்தைப் பருவத்துப் பாலியல் அனுபவம் இருந்தது என்று துணிந்து சொன்னவரும் அவரே. சபை அதை விறைப்பாகக் கேட்டுக்கொண்டது. மறு வருஷம் செப்டம்பரில், அந்தக் கொள்கையில் தமக்கே நம்பிக்கை போய்விட்டதாக ஒரு நண்பருக்கு எழுதினார். டோரா வந்தது அதற்கு மூன்று வருஷம் கழித்து. ஒரு காலத்தில் கேட்கத் தெரிந்திருந்த காதுதான் அது.

அந்தக் காதைத் திறக்கப் பார்த்தவர் அவருடைய சீடரான ஹங்கேரிக்காரர் பெரென்சி. 1932-ல் வீஸ்பாடனில் நடந்த மாநாட்டில் அவர் வாசித்த கட்டுரையை வேண்டாம் என்று பிராய்டு தடுத்தும் அவர் கேட்கவில்லை. கொடுமைக்கு ஆளான குழந்தைகள் சொல்வது உண்மைதான் என்றார். வைத்தியரின் குளிர்ந்த முகமும் தாமே சரி என்ற பிடிவாதமும் பழைய கொடுமையையே அந்த அறைக்குள் மறுபடியும் நடத்திக் காட்டுகின்றன என்றார். வைத்தியர் தம் தவறை ஒப்புக்கொள்ளும்போதுதான் நோயாளிக்கு நம்பிக்கை பிறக்கிறது. ஏனென்றால் அன்றைக்குக் கொடுமை செய்த பெரியவன் அதை ஒருநாளும் ஒப்புக்கொண்டதில்லை. மறு வருஷமே பெரென்சி காலமானார். அவருடைய கட்டுரை ஆங்கிலத்தில் வர 1949 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

இனி இலக்கியத்துக்கு வருகிறேன். மாயா ஆஞ்சலோவின் சுயசரிதையின் முதல் பாகம் 1969-ல் வந்தது. கூண்டுப் பறவை ஏன் பாடுகிறது என்று தனக்குத் தெரியும் என்பது அதன் தலைப்பின் பொருள். அமெரிக்காவில் செயின்ட் லூயிஸ் நகரில், சுமார் எட்டு வயதில், தாயாரோடு வாழ்ந்துவந்த ஒருவனால் அவள் பலாத்காரம் செய்யப்பட்டாள். அண்ணன் பெய்லியிடம்தான் பெயரைச் சொன்னாள். வழக்கு நடந்தது. நிறைந்த கோர்ட்டில், இதற்கு முன்னால் அவன் உன்னைத் தொட்டதுண்டா என்று வக்கீல் கேட்டபோது, குழந்தை பயத்தில் இல்லை என்று சொல்லிவிடுகிறது. தண்டனை விதிக்கப்பட்டும் அவன் உடனே வெளியே வருகிறான். சீக்கிரமே யாரோ அவனை அடித்துக் கொன்றுவிடுகிறார்கள். தன் வாய்ச்சொல்தான் ஓர் ஆளைக் கொன்றது என்று குழந்தைக்குத் தோன்றிவிடுகிறது. பெய்லியைத் தவிர மற்ற எவரோடும் ஏறக்குறைய ஐந்து வருஷம் பேசுவதில்லை.

சொன்னால் தேறிவிடலாம் என்ற என் சூத்திரத்துக்கு இதைவிடப் பெரிய மறுப்பு வேண்டுமா? அவள் சொன்னாள், சொன்னதால்தான் ஊமையானாள். சபை நடுவில், அந்நியர்கள் கேட்ட கேள்விக்கு, அவர்களுக்கு வேண்டிய வரிசையில் சொல்ல வைத்தார்கள்.

பிறகு ஸ்டாம்ப்ஸ் என்ற சிற்றூரில் பாட்டி வீட்டில் வளரும்போது, பெர்த்தா பிளவர்ஸ் என்ற சீமாட்டி அவளைத் தம் வீட்டுக்கு அழைக்கிறார். அவர் வைத்தியர் அல்ல. சிகிச்சை என்று அந்தப் பக்கங்களில் ஒரு வார்த்தையும் இல்லை. ஆனாலும் சிகிச்சையின் முதல் நாளைப் பற்றி நான் படித்தவற்றில் இதுதான் மிகச் சிறந்த பகுதி. ஏன் பேசுவதில்லை என்று அவர் கேட்பதே இல்லை. குளிர்ந்த எலுமிச்சை ரசம் கொடுக்கிறார். அவளுக்கென்றே சுட்ட பிஸ்கோத்துகள் கொடுக்கிறார். டிக்கன்ஸின் நாவலை உரக்கப் படித்துக் காட்டுகிறார். புத்தகங்களைக் கொடுத்து, வாய்விட்டுப் படிக்கும்படி சொல்கிறார். அவள் சந்தோஷப்படுவது எதற்காக? தன்னைத் தனக்காகவே ஒருவர் மதித்தார் என்பதற்காக. வாய் திறந்து அவள் முதலில் சொல்வது தன் ரகசியத்தை அல்ல, வேறு யாரோ எழுதிய வாக்கியங்களை. குரல் திரும்புகிறது, விஷயம் பின்னால் வருகிறது. எவ்வளவு பின்னால் என்றால், இந்தப் புத்தகம் வெளிவரும்போது அவருக்கு வயது 40-ஐத் தாண்டிவிட்டது.

தமிழில் இப்படி ஏதும் இல்லையா என்று கேட்கலாம். புதுமைப்பித்தனின் 'சாபவிமோசனம்' இருக்கிறது. 1943-ல் வெளிவந்த கதை. ராமனுடைய பாத தூளி பட்டதும் கல் பெண்ணாகிறாள். காவியம் அங்கே அகலிகையை விட்டுவிட்டு மிதிலைக்குப் போய்விடுகிறது. புதுமைப்பித்தன் அங்கேதான் கதையை ஆரம்பிக்கிறார். விமோசனம் ஒரு கணத்தில் நடந்துவிட்டது. ஆனால் மறுநாள் காலையில் எழுந்து எப்படி வாழ்வது? கணவன் மன்னித்தாலும் அவள் தன்னையே நம்ப முடியாமல் தவிக்கிறாள். ஒவ்வொரு பேச்சுக்கும் ஏதாவது உள்ளர்த்தம் இருக்குமோ என்று பயப்படுகிறாள். ஊரின் பார்வை வேறு. கடைசியில், தன்னைப் புரிந்துகொண்டவன் என்று அவள் நம்பிய ராமனே சீதையை நெருப்பில் இறங்கச் சொன்னான் என்று சீதை வாயாலேயே கேட்டதும், மறுபடியும் கல்லாகிவிடுகிறாள். இதை நாம் புராணத்தைத் திருப்பிப் போட்ட கதை என்று மட்டும் படித்து வந்திருக்கிறோம். நம்பிக் காட்டிய மனத்தைக் கேட்டவன் கைவிட்டால் என்ன ஆகும் என்பதைச் சொல்லும் கதையாகவும் அதைப் படிக்கலாம். மழை நின்றதும் அத்தியாயத்தை முடித்த எனக்கு அதில் பாடம் இருந்தது, நான் கவனிக்கவில்லை.

ஜெயகாந்தனின் 'அக்கினிப் பிரவேசம்' 1966-ல் ஆனந்த விகடனில் வந்து பெரிய சர்ச்சையைக் கிளப்பியது. மழை நாளில் ஒருவனுடைய காரில் ஏறிக் கெடுதலுக்கு ஆளாகி வந்த பெண், தாயிடம் சொல்லிவிடுகிறாள். தாய் முதலில் குமுறுகிறாள். பிறகு மகளின் தலையில் தண்ணீரைக் கொட்டி, நீ சுத்தமாகிவிட்டாய் என்று சொல்லி அணைத்துக்கொள்கிறாள். அந்தக் காலத்தில் அந்தத் தாயைப் படைப்பதற்கு அசாத்தியத் துணிச்சல் வேண்டும். என் தலைமுறை எழுத்தாளர்களுக்கு அவள் ஒரு கண்திறப்பு. ஆனால் அந்தப் பெண் என்ன நினைத்தாள், அடுத்த மாதம் எப்படித் தூங்கினாள் என்பது கதையில் இல்லை. சிறுகதையில் அதைக் கேட்பது நியாயமும் அல்ல. ஜெயகாந்தனே அதைக் கேட்டுக்கொண்டார் என்பதுதான் அவருடைய பெருமை. 1970-ல் புத்தகமாக வந்த 'சில நேரங்களில் சில மனிதர்கள்' நாவலில் அதே மழை, அதே கார். தாய் மட்டும் வேறு. அவள் போட்ட கூச்சலில் ஊருக்கே தெரிந்துவிடுகிறது. கங்கா படித்து உத்தியோகத்தில் உயர்ந்துவிடுகிறாள். ஆனால் அன்றைக்கு அந்த வீட்டில் கேட்ட கூச்சல் அவளை விட்டுப் போகவே இல்லை. முதலில் கேட்டவர் எப்படிக் கேட்டார் என்பதில் ஓர் ஆயுட்காலம் எப்படித் திரும்பிவிடுகிறது என்று இந்த இரண்டையும் பக்கத்தில் வைத்துப் படித்தால் தெரியும்.

கங்காவைச் சுற்றி எத்தனையோ பேர் இருக்கிறார்கள்; தனக்கு ஆதாயம் தேடாமல் அவள் பேச்சைக் கேட்க ஒருவரும் இல்லை. படிக்க வைத்த மாமாவின் கண்ணிலும் கள்ளம் இருக்கிறது. சிகிச்சை அறை என்று ஒன்று ஏன் வேண்டியிருக்கிறது என்ற கேள்விக்கு அந்த நாவலே பதில். வீட்டில் கேட்பவர் ஒவ்வொருவருக்கும் ஒரு கட்சி இருக்கிறது. மானம் போய்விடுமோ, கல்யாணம் தடைப்படுமோ, அண்ணன் தம்பிக்குள் விரோதம் வருமோ என்ற கவலை இருக்கிறது. அந்தக் கவலை எதுவும் இல்லாத ஓர் ஆள், வாரத்தில் ஒரு மணி நேரம் வேண்டும்.

அந்த ஒரு மணி நேரத்தில் எதை முதலில் செய்வது என்பதைத் தெளிவாக எழுதியவர் அமெரிக்க மனநல மருத்துவர் ஜூடித் ஹெர்மன். அதிர்ச்சியையும் அதிலிருந்து மீள்வதையும் பற்றிய அவருடைய நூல் 1992-ல் வந்தது. மீட்சிக்கு மூன்று படிகள் என்கிறார். முதலாவது பாதுகாப்பு, இரண்டாவது நினைவுகூர்ந்து துக்கம் காப்பது, மூன்றாவது மறுபடியும் மனிதர்களோடு சேர்ந்து வாழ்வது. என் கதாநாயகி இரண்டாம் படியில் நேராகக் குதித்தாள். முதல் படியில் நடப்பதெல்லாம் பார்வைக்கு அற்ப விஷயங்கள்: தூங்குகிறாளா, சாப்பிடுகிறாளா, அந்த மனிதன் இன்னும் வீட்டுக்கு வந்து போகிறானா, பழைய நினைவு வந்து மூச்சு முட்டும்போது என்ன செய்கிறாள், கூப்பிட்டால் ஓடிவர யார் இருக்கிறார்கள். இது உறுதியாவதற்குள் எல்லாவற்றையும் கொட்ட வைத்தால், கொட்டியதே வெள்ளமாகி அவளை அடித்துக்கொண்டு போகலாம். கொடுமை என்பதே அவள் கையிலிருந்த அதிகாரத்தைப் பிடுங்கிக்கொண்டதுதான். ஆகவே எதை எப்போது சொல்வது, சொல்லாமல் விடுவது என்ற அதிகாரத்தை முதலில் அவளிடம் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்பது ஹெர்மனின் அடிப்படை.

நல்ல ஆலோசகர்கள் முதல் நாளே ரகசியத்தின் எல்லையையும் சொல்லிவிடுகிறார்கள். நம் நாட்டில் 2017-ஆம் வருஷத்து மனநலச் சட்டம் நோயாளியின் விஷயங்களை ரகசியமாக வைக்கக் கட்டளையிடுகிறது. அதற்குச் சில விலக்குகளும் உண்டு. பாதிக்கப்பட்டவர் 18 வயதுக்கு உட்பட்டவராக இருந்தால், 2012-ஆம் வருஷத்துப் போக்சோ சட்டப்படி போலீசுக்குத் தெரிவித்தாக வேண்டும். இதைச் சொல்லாமல் பேச வைத்துவிட்டுப் பிறகு தெரிவிப்பது இன்னொரு ஏமாற்று. மழையைப் பற்றி இரண்டு பாரா எழுதிய எனக்கு இதை எழுதத் தோன்றவில்லை.

இது ஏதோ சிலருடைய சமாசாரம் அல்ல. 2007-ல் மத்திய அரசு வெளியிட்ட ஆய்வில், 13 மாநிலங்களில் விசாரித்த 12,447 குழந்தைகளில் 53.22 சதவிகிதம் பேர் ஏதாவது ஒரு வகைப் பாலியல் கொடுமையைச் சொன்னார்கள். அவர்களில் பாதிக்கு மேல் பையன்கள். பெரும்பாலோர் அதற்கு முன் யாரிடமும் சொல்லவில்லை. நம் கதைகளில் கதாநாயகிகள் மட்டுமே பாதிக்கப்படுகிறார்கள் என்பதையும் சேர்த்து நான் குறித்துக்கொண்டேன். என் வாசகர்களில் எத்தனை பேர் அந்தக் கணக்கில் இருப்பார்கள்? அவர்களில் யாராவது ஒருவர் என் புத்தகத்தைக் கீழே வைத்துவிட்டு, போகலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருக்கலாம். அவருக்கு நான் காட்டிய படம் எப்படிப்பட்டது என்பதுதான் என் கவலை.

மின்விசிறியையும் பள்ளிக்கூட வண்டியையும் பற்றி எழுதினால் யார் படிப்பார்கள், நாவலுக்குச் சுவை வேண்டாமா என்று ஒரு நண்பர் கேட்டார். எழுத்தாளர்தான் அவரும். நானும் அதைக் கேட்டுக்கொண்டேன். ஆனால் என் வாசகியின் கடிதத்தைத் திரும்பப் படித்தபோது, அதில் இருந்த பரபரப்பு என் ஐந்து பக்கத்தில் இல்லை என்பது தெரிந்தது. கதவுக்குப் பக்கத்தில் ஒருத்தி உட்கார்ந்திருக்கிறாள். எழுந்து போய்விடுவாளா? 'இன்னைக்கு வேண்டாம்' என்று சொன்னதும் எதிரே இருப்பவர் முகம் சுளிப்பாரா? அடுத்த வாரம் வருவாளா? டோரா வரவில்லை. அந்தச் சிறு பெண் மிஸஸ் பிளவர்ஸ் வீட்டுக்கு மறுபடியும் போனாள். இந்த வித்தியாசத்துக்குள் ஒரு நாவலுக்கு வேண்டிய அத்தனையும் இருக்கிறது. எனக்குத்தான் அதைப் பார்க்கும் பொறுமை இருக்கவில்லை.

நாவலின் மறுபதிப்புக்குப் பதிப்பகத்தார் கேட்டபோது பன்னிரண்டாம் அத்தியாயத்தைத் திருத்தி எழுதினேன். ஐந்து பக்கத்துப் பேச்சை எடுத்துவிட்டேன். அவள் பெயரைச் சொல்கிறாள். தூக்கம் வருவதில்லை என்கிறாள். கதவைத் தாழ்ப்பாள் போடாமல் இருக்கலாமா என்று கேட்கிறாள். மருத்துவர் எழுந்து போய்த் தாழ்ப்பாளை நீக்கிவிட்டு வந்து உட்காருகிறார். அடுத்த வாரத்துக்கு நேரம் குறித்துக்கொண்டு அவள் கிளம்புகிறாள். அவளுக்கு என்ன நடந்தது என்பது வாசகர்களுக்குப் பத்தொன்பதாம் அத்தியாயம் வரை தெரியாது; அங்கேயும் முழுவதும் தெரியாது. மழையையும் எடுத்துவிட்டேன்.

திருத்திய பக்கங்களை அந்த வாசகிக்கு அனுப்பியிருந்தேன். சுருக்கமாகப் பதில் வந்தது. இப்போது ஏழாவது மாதமாகப் போய்க்கொண்டிருக்கிறாராம். கதவுக்குப் பக்கத்து நாற்காலியை விட்டு ஜன்னலோரத்து நாற்காலிக்கு மாறிவிட்டாராம். நடந்ததில் பாதிக்கு மேல் இன்னும் சொல்லவில்லையாம். பக்கங்களைப் பற்றி ஒரு திருத்தம் மட்டும் எழுதியிருந்தார்: போகும்போது ஆட்டோவுக்குச் சில்லறை இருக்கிறதா என்று என் கதாநாயகி பையைத் துழாவ வேண்டும், முதல் நாள் அந்த அறையிலிருந்து வெளியே வந்ததும் அவருக்கு ஞாபகம் வந்தது அதுதானாம். சேர்த்துவிட்டேன்.